ஊசியோடு வளையும் துணி

நேயர்களுக்கு வணக்கம். துணித்துண்டுகளைக் கையால் சேர்த்துத் தைப்பதைப் பற்றி, அதிலும் வளைவான துண்டுகளைத் தைப்பதைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது முதலில் தயங்கினேன். கண்ணால் பார்க்கவேண்டிய வேலையை வெறும் காதுக்கு எப்படிச் சொல்வது? அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இந்த வேலையில் கண்ணைவிட விரலுக்குத்தான் வேலை அதிகம். ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் கைகளையும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள்.

இடது உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவியுங்கள். வலது கையை மூடி அந்தக் கிண்ணத்துக்குள் வையுங்கள். வளைவுத் தையல் என்பது இதுதான். வெளியே புடைத்த துண்டு ஒன்று, உள்ளே குழிந்த துண்டு ஒன்று, இரண்டும் சுருக்கமில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று உட்காரவேண்டும்.

இந்தத் துண்டுகள் போய்ச் சேரும் போர்வைக்குக் குவில்ட் என்று பெயர். குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே பல துண்டுகளைச் சேர்த்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் பிடித்து வைக்க மேலோடு ஒரு தையல். மேல் துணியைச் சதுரம் சதுரமாகத் தைத்துச் சேர்ப்பது வழக்கம், அந்தச் சதுரத்துக்குப் பிளாக் என்று பெயர். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தப் பிளாக்கைப் பற்றி மட்டும்தான்.

சதுரமும் முக்கோணமும் தைக்கப் பழகியவர்கள்கூட வளைவு என்றால் ஒதுங்கிவிடுகிறார்கள். மெஷினில் ஒருமுறை முயன்று, சுருக்கம் விழுந்து, பிரித்து, மறுபடி தைத்து, அதோடு விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குச் சொல்வதற்காகவே வந்திருக்கிறேன். வளைவு மெஷினுக்குத்தான் சிரமம், கைக்குச் சுலபம். மெஷினில் கீழே இருக்கும் பல் அடித்துணியை முன்னே தள்ளும், மேலே இருக்கும் பாதம் மேல்துணியை அழுத்திப் பிடிக்கும். நேர்க்கோட்டிலேயே இரண்டு துணியும் சில சமயம் விலகும், வளைவில் கேட்கவே வேண்டாம். கையில் அப்படியில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு நேரத்தில் அரை அங்குலத் துணியைத்தான் பிடிக்கிறோம். எந்த வளைவையும் அரை அங்குலம் மட்டும் எடுத்துப் பார்த்தால் அது கிட்டத்தட்ட நேர்க்கோடு. அந்த அரை அங்குலத்தைத் தைத்துவிட்டு அடுத்த அரை அங்குலத்தைப் பிடித்தால் போதும். முழு வளைவையும் ஒரே நேரத்தில் சமாளிக்கவேண்டிய கட்டாயம் கைக்கு எப்போதுமே வராது.

தொடங்குவதற்கு நான் சொல்லும் பிளாக் குடிகாரன் பாதை. ஆங்கிலத்தில் ட்ரங்கர்ட்ஸ் பாத் என்பார்கள். ஒரு சதுரத்தின் ஒரு மூலையில் கால் வட்டம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எல் எழுத்தைப் போல ஒரு துண்டு. இரண்டே துண்டு, ஒரே தையல், பிளாக் முடிந்தது. பாதி பிளாக்குகளில் கால் வட்டம் வெளிர் நிறமாகவும் எல் துண்டு அடர் நிறமாகவும் வைக்கிறோம், மீதிப் பாதியில் அப்படியே மாற்றி வைக்கிறோம். நான்குக்கு நான்காக 16 பிளாக்குகளை அடுக்கினால் ஒரு பாதை இப்படியும் அப்படியும் தள்ளாடிக்கொண்டே போகிற மாதிரி தெரியும். பெயர் அதனால்தான். அமெரிக்காவில் 1874இல் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது. அந்த இயக்கத்துப் பெண்களோடு சேர்த்தே இந்தப் பிளாக்கைப் பற்றிப் பேசுவது வழக்கம். குடிக்கு எதிராகப் பேச மேடை கிடைக்காத பெண்கூடப் போர்வையில் அதைச் சொல்லியிருக்க முடியும் என்று நினைத்தால் இந்தச் சின்னச் சதுரத்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இதே 16 பிளாக்குகளைத் திருப்பித் திருப்பி வைத்தால் காற்றாடி வரும், முழு வட்டம் வரும், பூ வரும், அலை வரும். ஒவ்வொரு இடத்திலும் பிளாக்கை நான்கு பக்கமாகத் திருப்பலாம், நிறத்தில் இரண்டில் ஒன்றை வைக்கலாம். ஆக ஓர் இடத்துக்கு எட்டு வழி. 16 இடத்துக்கும் பெருக்கிக்கொண்டே போனால் 281 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. ஒரே ஒரு தையலைக் கற்றுக்கொண்டதற்கு இவ்வளவு கிடைக்கிறது.

சரி, துணிக்கு வருவோம். பருத்தி எடுங்கள், நெசவு நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். துணியில் பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை. அந்த இரண்டு திசையிலும் இழுத்தால் துணி அதிகம் கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல நீளும். தையல்காரர்கள் இதைத்தான் கிராஸ் என்பார்கள். கால் வட்டத்தின் நேர் ஓரங்களைப் பாவோடும் ஊடையோடும் ஒட்டி வைத்து வெட்டினால் வளைவின் நடுப்பகுதி தானாகவே கிராஸில் விழும். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள், துணி இழுபட்டுவிடுகிறது என்று. எனக்கு அது துணி செய்கிற உதவியாகத்தான் தெரிகிறது. வளையவேண்டிய இடத்தில்தானே அது வளைந்து கொடுக்கிறது! முரட்டுத்தனமாக இழுக்காமல் இருந்தால் போதும்.

கெட்டி அட்டையில் இரண்டு துண்டுகளின் வடிவத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள். தையலுக்கு விடும் துணியை அட்டையில் சேர்க்காதீர்கள். அட்டையைத் துணியின் பின்பக்கம் வைத்து, கூரான பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். அதுதான் தையல் ஓடவேண்டிய கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டும் ஓரம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை. பென்சில் கோடு மட்டும் பிசகக்கூடாது.

இந்த இடத்தில் என் முதல் வளைவைப் பற்றிச் சொல்லவேண்டும். வெட்டிய இரண்டு துண்டுகளையும் எடுத்து, நேர்த் தையலுக்குப் பழகிய கை பழகியபடியே ஓரத்தோடு ஓரத்தைச் சேர்த்துக் குண்டூசி குத்தினேன். பாதி தூரம் போனதும் கால் வட்டத்தில் துணி மிஞ்சியது. எல் துண்டை இழுத்து நீட்டிச் சரிக்கட்டினேன். தைத்து விரித்தால் சதுரம் படுக்கவில்லை, நடுவில் குடை மாதிரி எழும்பி நின்றது. மூன்று தடவை பிரித்தேன். துணி மேல் கோபம், ஊசி மேல் கோபம். பிறகு ஒரு நாள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

தையல் கோட்டில் வட்டத்தின் ஆரம் 3 அங்குலம் என்று வையுங்கள். கால் வட்டத்தின் வளைவு அப்போது ஏறக்குறைய 4.7 அங்குலம். இரண்டு துண்டிலும் பென்சில் கோட்டின் நீளம் இதுதான், வித்தியாசம் கிடையாது. ஆனால் வெட்டிய ஓரம் வேறு. புடைத்த துண்டின் ஓரம் கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் தள்ளி இருப்பதால் அதன் நீளம் 5.1 அங்குலம். குழிந்த துண்டின் ஓரம் வட்டத்தின் மையத்தை நோக்கிக் கால் அங்குலம் உள்ளே இருப்பதால் 4.3 அங்குலம். ஓரத்துக்கும் ஓரத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிகமான வித்தியாசம். ஒருபோதும் பொருந்தாத இரண்டைப் பொருத்தப் பார்த்துத்தான் அத்தனை பாடுபட்டேன். இன்னொன்றும் அந்தத் தாளில் தெரிந்தது. வட்டம் பெரியதோ சிறியதோ, கால் வட்டத்துக்கு இந்த வித்தியாசம் மாறவே மாறாது. பெரிய வட்டத்தில் அது நீண்ட தூரத்துக்குப் பரவிவிடும், சின்ன வட்டத்தில் கொஞ்ச இடத்தில் நெருங்கிக் கிடக்கும். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 3 அங்குலத்துக்குக் குறையவேண்டாம் என்கிறேன்.

இனி தைக்கலாம். இரண்டு துண்டையும் தனித்தனியே பாதியாக மடித்து, வளைவின் நடுவில் நகத்தால் ஒரு கீறல். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, முதலில் நடுவில் ஒரு குண்டூசி. அப்புறம் இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று. குத்தும்போது ஊசி முன்பக்கக் கோட்டில் நுழைந்து பின்பக்கக் கோட்டிலேயே வெளியே வரவேண்டும். திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் இன்னும் இரண்டு, தேவைப்பட்டால் நான்கு. குழிந்த துண்டு என் முகத்தைப் பார்த்திருக்கும்படி பிடிப்பது என் வழக்கம். அதன் ஓரம் இழுத்துப் பிடித்தால் கத்தரியின் நுனியால் மூன்று நான்கு இடத்தில் சின்ன நறுக்கு வைப்பேன், கால் அங்குலத்தில் பாதி ஆழம்வரைதான். கோட்டைத் தொட்டால் துணி அங்கேயே கிழியத் தொடங்கும்.

ஊசி மெல்லியதாக இருக்கட்டும், 10ஆம் எண் நல்லது. எண் ஏற ஏற ஊசி சன்னமாகும். நூல் பருத்தி, 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நீளமான நூல் துணிக்குள் போய்ப்போய்த் தேய்ந்து முறுக்கிக்கொள்ளும். நிறம் தேர்ந்தெடுத்துக் குழம்பாமல் சாம்பல் நிற நூல் ஒன்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான துணிக்கும் ஒத்துப்போகும்.

கோட்டின் முனையில் ஒரு கெட்டித் தையல், அதாவது ஊசியைக் கொஞ்சம் பின்னே விட்டு எடுக்கும் தையல், போட்டுத் தொடங்கி, ஊசியை மேலும் கீழுமாக முன்னே ஓட்டிப் போகும் ஓட்டுத் தையல். ஊசியில் மூன்று அல்லது நான்கு தையலை ஏற்றிக்கொண்டு, நூலை இழுக்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவேண்டும். ஊசி அங்கேயும் கோட்டின் மேல் படுத்திருக்கிறதா? இருந்தால் இழுக்கலாம். இல்லையென்றால் ஊசியைப் பின்னே எடுத்து மறுபடி ஏற்றலாம், எதையும் பிரிக்கவேண்டியதில்லை. ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு கெட்டித் தையல் போட்டால் நூல் இறுகிச் சுருக்காது. அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் என்றால் இந்த வளைவுக்கு மொத்தம் நாற்பது, நாற்பத்தைந்து. எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. பழகாத கைக்கு அரை மணி ஆகட்டுமே. முடிக்கும்போதும் துணியின் ஓரம்வரை ஓட்டாமல் கோட்டின் முனையிலேயே நிறுத்துங்கள். பிறகு பிளாக்குகளைச் சேர்க்கும்போது தையலுக்கு விட்ட துணியின் மடிப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்துக்கொள்ளலாம்.

தைக்கும்போது இரண்டு துணியும் கையில் ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். புடைத்த துண்டு பின்னால் அலை அலையாகத் தொங்கும். சுருக்கம் விழுந்துவிட்டது என்றே தோன்றும். ஊசி இருக்கும் அரை அங்குலத்தை மட்டும் பாருங்கள். கடைசி முடிச்சுப் போட்டு, நூலை நறுக்கி, விரித்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் துணிகள், ஒன்று இன்னொன்றுக்குள் வட்டமாகப் போய்ப் படுத்திருக்கும். நூற்றுக்கணக்கான பிளாக்குகள் தைத்துவிட்டேன், இந்த விரிக்கும் கணம் இன்னும் எனக்குப் பழகிப்போகவில்லை. உடனே அடுத்ததை எடுக்கத் தோன்றும்.

இஸ்திரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பெட்டியை வைத்து எடுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள். கிராஸில் இருக்கும் வளைவு அந்த இழுப்பில் கோணிவிடும். மடிப்பை நான் எல் துண்டின் பக்கம் சாய்ப்பேன். அப்படிச் சாய்த்தால் நறுக்கு வைத்த இடங்கள் விரிந்து கொடுக்கும், துணி தட்டையாகப் படுக்கும். மறுபக்கம் சாய்த்தால் நீளமான ஓரம் குறுகிய இடத்தில் அடைந்துகொண்டு தடிக்கும்.

இதற்கென்று அறையோ மேஜையோ வேண்டாம். கோடு போட்டு வெட்டிய ஐந்தாறு ஜோடி, ஊசி, நூல், குண்டூசி, சின்னக் கத்தரி, எல்லாம் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் மருத்துவமனையில் முறைக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் தைத்த பிளாக்குகள் என்னிடம் நிறைய உண்டு. ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் பென்சிலால் தேதி எழுதிவிடுவேன். போர்வை முடிந்தபின் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

கால் வட்டம் கைக்கு வந்துவிட்டால் அடுத்து ஆரஞ்சுத் தோல் என்ற பிளாக் இருக்கிறது, இரு பக்கமும் வளைந்த இலைகள் நான்கு சேர்ந்து வட்டமாகும். அதற்கும் அடுத்து, வளையங்கள் ஒன்றோடொன்று கோத்த மாதிரி தெரியும் இரட்டைக் கல்யாண மோதிரம். 1930களில் அமெரிக்காவில் காசு தட்டுப்பாடான காலத்தில் வீடுவீடாகத் தைத்த வடிவம் அது. வளையத்தின் ஒவ்வொரு வில்லும் விரலளவு துண்டுகள் பலவற்றால் ஆனது, அதனால் எவ்வளவு சின்ன மிச்சத்துணிக்கும் அதில் இடம் உண்டு. நான் ஒன்று தொடங்கி நான்காவது வருஷம் நடக்கிறது. பதினோரு வளையம் முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதின் முதல் வில் இப்போது என் பையில் இருக்கிறது, நடுவிலும் இரு முனைகளிலும் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். வீடு திரும்பும் வழியில் தைத்துவிடுவேன். வணக்கம்.