ஜன்னலைத் திறந்து வைத்த பெண்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர்கள் முன் வரிசையிலும் பிள்ளைகள் பின் வரிசையிலுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று நான் பேசப்போவது ரத்தக்காட்டேரிக் காதல் கதைகளைப் பற்றி. அவற்றைப் படிக்கிறவர்கள் பின்னால் இருக்கிறார்கள். அவற்றைப் படிக்கிறார்களே என்று கவலைப்படுகிறவர்கள் முன்னால் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்று ஒரு சின்ன ஊர். மரம் வெட்டிப் பிழைத்த ஊர்; மழைக்குப் பேர்போனது. அங்கே பெல்லா என்ற பள்ளி மாணவி. அவள் காதலிக்கும் எட்வர்ட், 1918-இல் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற கொள்ளைக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன். அன்றிலிருந்து அவனுக்கு வயது 17 தான். ஒரு நாள் அவள் தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கக் கிளம்புகிறாள். ஜேக்கப் ஓநாயாக உருமாறக்கூடியவன், அவனிடம் போவது ஆபத்து என்பது எட்வர்டின் எண்ணம். அவள் தன் பழைய பிக்கப் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகுகிறாள். வண்டி கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் எட்வர்ட். அவள் வண்டியின் எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

காலையில் பள்ளிக்கூடம் போவதற்குள் மாட்டிவிடுகிறேன் என்கிறான். ராத்திரி நான் வர வேண்டாம் என்றால் ஜன்னலைச் சாத்திவிடு, புரிந்துகொள்வேன் என்றும் சொல்கிறான். அவள் விறுவிறுவென்று மாடிக்குப் போய் ஜன்னலை அறைந்து சாத்துகிறாள். அந்தக் கறுத்த கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் ஒரு பெருமூச்சு. ஜன்னலை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைக்கிறாள்.

ஸ்டெஃபனி மேயர் எழுதிய டுவைலைட் வரிசையின் மூன்றாவது நாவலில், 2007-இல் வந்த எக்லிப்ஸில், இந்த இடம் வருகிறது. இதை ஒரு பதினோராம் வகுப்பு மாணவியோடு உட்கார்ந்து படித்தேன். அவள் சொன்னாள்: “ஜன்னலைத் திறந்தது அவ இஷ்டம் டீச்சர். ஆனா வண்டியைச் சரிபண்ணிட்டு வா, அப்புறம் திறக்கிறேன்னு சொல்லியிருக்கணும்.” அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. அவளுக்கு எட்வர்டைப் பிடிக்கும். பிடித்திருக்கும்போதே அவன் பண்ணியது தப்பு என்றும் தெரிகிறது. இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள முடிகிற வயதுதான் அது. அந்த வயதுக்காரர்களைத் தேடித்தான் இந்தக் கதைகள் போகின்றன.

இதெல்லாம் இப்போது வந்த கெட்ட பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 200 வருஷத்துக்கு முந்தைய கதை இது. அதன் தொடக்கத்தில் மனசு நொந்த ஒரு பெண் இருக்கிறாள். கரோலின் லேம்ப் என்பது அவர் பெயர். 1812-இல் ஆங்கிலக் கவிஞர் பைரனைக் காதலித்தார். சில மாதங்களில் கைவிடப்பட்டார். 1816 மே மாதம், பெயர் போடாமல் ஒரு நாவல் வெளியிட்டார். அதில் எல்லோரையும் மயக்கி, மயங்கியவர்களை அழிக்கிற ஒரு பிரபு வருகிறான். அவன் குடும்பப் பெயர் ரூத்வென். படித்த அத்தனை பேருக்கும் அது பைரன்தான் என்று தெரிந்தது.

அடுத்த மாதமே பைரன் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் இருந்தார். முந்தைய வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் அந்த ஆண்டு கோடைக்காலமே சரியாக வரவில்லை. ஓயாத மழை, வெளியே போக முடியாது. உள்ளே ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். அந்த அறையில் இருந்தவர்களின் வயதைப் பாருங்கள்: பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட மேரிக்கு 18. அவருடைய மாற்றாந்தாயின் மகள் கிளேருக்கும் 18. கிளேர் பைரனின் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். பைரனின் வைத்தியர் ஜான் பாலிடோரிக்கு 20. இன்றைக்கு அவர்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார்கள். மேரி அங்கே தொடங்கியது ஃபிராங்கன்ஸ்டைன். பைரன் கொஞ்சம் எழுதிப் பாதியில் விட்டதை எடுத்து, பாலிடோரி வேறொரு கதையாக எழுதினார். தன் காட்டேரிக்கு லேம்ப் வைத்த அதே ரூத்வென் என்ற பெயரை வைத்தார். 1819-இல் அது பத்திரிகையில் வந்தபோது பைரன் எழுதியதாக அச்சிட்டார்கள். பாலிடோரி மறுத்துப் பார்த்தார். இரண்டு வருஷத்தில், 25 வயதில், இறந்தும்போனார்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரூத்வென் பிரபு முழுக்கக் கெட்டவன். அதில் சந்தேகமே இல்லை. நம்மை உறுத்துகிறவன் ஆப்ரி என்ற நல்ல பையன். ரூத்வெனோடு ஊர் ஊராகப் பயணம் போகிறான். சாகிற தறுவாயில் ரூத்வென் அவனிடம் ஒரு சத்தியம் வாங்குகிறான்: ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகும்வரை என் குற்றங்களையும் என் சாவையும் பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. ஆப்ரி சத்தியம் பண்ணிக்கொடுக்கிறான். ஊர் திரும்பினால், செத்தவன் விருந்தில் நிற்கிறான். ஆப்ரியின் தங்கையைக் கல்யாணம் பண்ணப்போகிறான். ஆப்ரிக்கு எல்லாம் தெரியும். ஆனால் கொடுத்த வாக்கு! பைத்தியம் பிடித்தவன்போல அலைகிறான், தவிக்கிறான், சொல்ல மட்டும் மாட்டேன் என்கிறான். கெடு முடிந்து அவன் வாய் திறந்தபோது தங்கை உயிரோடு இல்லை.

கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று சொல்லித்தானே நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம்? ஆப்ரி அதைத்தான் செய்தான். அந்த வாக்குக்கு விலை கொடுத்தது அவன் தங்கை. நல்லவன் கெட்டவன் என்று ஒரே சொல்லில் அடக்க முடியாத ஒரு மனிதனைக் கதையில் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: இவன் பண்ணியதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? அந்த விலையைக் கதை நமக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பஃபி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1997-இலிருந்து 2003 வரை வந்தது. பஃபி காட்டேரிகளை வேட்டையாடப் பிறந்த பெண். அவள் காதலிக்கும் ஏஞ்சல் என்ற காட்டேரி ஒரு காலத்தில் மகா கொடியவன். செய்த பாவமெல்லாம் உறுத்தட்டும் என்று ஒரு சாபத்தால் அவனுக்கு ஆன்மா திருப்பித் தரப்பட்டது. ஒரு கணம் முழு நிம்மதி கிடைத்துவிட்டால் அந்த ஆன்மா போய்விடும். பஃபியின் 17-ஆவது பிறந்தநாள் இரவில் அவர்கள் சேர்கிறார்கள். விடிந்தால் அவன் பழைய கொடியவன். அவளை எள்ளி நகையாடுகிறான், அவளுக்கு வேண்டியவர்களைக் கொல்கிறான். தொடரின் அந்த சீசனின் கடைசியில் உலகத்தையே விழுங்கும் வாசல் ஒன்றைத் திறந்துவிடுகிறான். அதை மூட அவன் ரத்தம்தான் வேண்டும். அவள் வாளை ஓங்கும் நேரத்தில் அவனுக்கு ஆன்மா திரும்பிவிடுகிறது. என்ன நடந்தது என்றே தெரியாமல் அவளைக் கட்டிக்கொள்கிறான். அவள் முத்தம் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, வாளைப் பாய்ச்சுகிறாள்.

1998-இல் தொலைக்காட்சியில் வந்த காட்சி அது. இன்றைக்குப் பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது. அவன் திருந்திவிட்டான், ஆனாலும் அவன் திறந்துவிட்டது திறந்தபடியே கிடக்கிறது. மன்னிப்பு வேறு, பண்ணியதை நேராக்குவது வேறு. எட்வர்ட் கதையில் இந்த அழுத்தம் போதாது என்பது என் எண்ணம். அவனும் பின்னால் தன் தவறை உணர்கிறான், ஜேக்கப்பைப் பார்க்க அவளைத் தானே கூட்டிக்கொண்டு போகவும் செய்கிறான். ஆனால் அந்த எஞ்சின் பாகத்தைக் கதை சீக்கிரம் மறந்துவிடுகிறது.

இருந்தாலும் மேயருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 2020-இல் அவர் முதல் நாவலையே எட்வர்டின் பார்வையில் திரும்ப எழுதி வெளியிட்டார். உயிரியல் வகுப்பில் பெல்லா முதன்முதலாக அவன் பக்கத்தில் வந்து உட்காரும் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய புத்தகத்தில் அவன் கறுத்த கண்களில் வெறுப்பைப் பார்க்கிறாள், என்னிடம் என்ன குறை என்று குழம்புகிறாள். புதிய புத்தகத்தில் அதே வகுப்பில் அவன் என்ன யோசிக்கிறான் தெரியுமா? இவள் ரத்தத்தைக் குடிக்க வேண்டுமென்றால் சாட்சி இருக்கக்கூடாது. இந்த அறையில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும் எந்த வரிசையில் கொன்றால் ஒருவரும் கத்த முடியாது? இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கண் மட்டும் சொல்வதை நம்பினால் எவ்வளவு தவறிப்போகலாம் என்பதை எந்த அறிவுரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இன்னொரு விலையையும் சொல்லாமல் போக மாட்டேன். ஜேக்கப்பின் இனமாகக் கதையில் வரும் க்விலியூட் மக்கள் கற்பனை இல்லை. ஃபோர்க்ஸ் பக்கத்தில், லா புஷ் என்ற கடலோர ஊரில் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து உருவாக்கப்பட்டவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. காட்டேரியோடு சண்டை போடும் ஓநாய் மனிதர்கள் நாவலாசிரியர் சேர்த்தது. அவர்கள் மொழியில் ‘ம’, ‘ன’ போன்ற மூக்கொலிகளே கிடையாது. அம்மா என்ற சொல்லை அந்த ஒலிகளில் சொல்லவே முடியாது. இப்படி அதிசயமான ஒரு மொழி வைத்திருப்பவர்களை உலகம் முழுக்க ஒரு காதல் கதையின் ஓநாய்களாக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறது. கதையின் மேல் உள்ள பிரியத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.

போன மாதம் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, இந்தப் புத்தகங்களை உள்ளே எடுத்து வைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் ஐயா என்றேன். பிடுங்கி வைத்தால் பிள்ளை வேறெங்கோ வாங்கித் தனியாகப் படிப்பாள். அந்த ஜன்னல் முன்னால் அவள் தனியாக நிற்க வேண்டாம்.

எக்லிப்ஸ் இந்த மேசையில் இருக்கிறது. பின் வரிசையிலிருந்து யாராவது ஒருவர் வந்து அந்தப் பக்கத்தை வாசித்து, தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். முன் வரிசையில் இருப்பவர்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.