லினக்ஸுக்குள்ளே ஒரு எக்ஸ்பி: பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கலாம் வாங்க

[திரையில்: உபுண்டு டெஸ்க்டாப், அதில் ஒரு பிஎம்டி ஃபைல்]

பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்னால் டிடிபி சென்டரில் அடித்த கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, சொந்தச் செலவில் போட்ட கவிதைத் தொகுப்பு, இதெல்லாம் இன்னமும் பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) ஃபைலாக யாருடைய பழைய ஹார்டு டிஸ்கிலோ கிடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். விண்டோஸ் எக்ஸ்பியில் அது ஓடும், லினக்ஸுக்கு வரவே இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ். அந்த எழுத்துகளை மறுபடி டைப் அடிக்க வேண்டாம், தயவுசெய்து.

[திரையில்: விர்ச்சுவல்பாக்ஸ் சன்னல்]

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி மாதிரி ஒரு மெஷினை உருவாக்கித் தரும் மென்பொருள், இலவசம். புது மெஷின் உருவாக்கும்போது வகையை விண்டோஸ் எக்ஸ்பி என்றே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் எக்ஸ்பி சிடியில் சாட்டா என்ற புது வகை டிஸ்க் இணைப்புக்கான டிரைவர் கிடையாது, வகையைச் சரியாகச் சொன்னால் டிஸ்கைப் பழைய வகை இணைப்பான ஐடிஇ ஆக அதுவே வைத்துவிடும். ரேம் 1 ஜிபி தாராளம். டிஸ்க் 20 ஜிபி என்று கொடுத்தாலும் உடனே அவ்வளவு இடம் போகாது, உள்ளே போடப் போட வளரும். எக்ஸ்பிக்கு அது நிஜமான டிஸ்க், உங்களுக்கு அது ஒரே ஒரு ஃபைல். சிடியும் அதன் கீயும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இது எப்படி வேகமாக ஓடுகிறது? எக்ஸ்பி கொடுக்கும் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை உங்கள் பிராசசர் நேரடியாகவே செய்கிறது, மெஷினின் கட்டுப்பாட்டையே கேட்கிற மாதிரி ஒரு கட்டளை வந்தால் மட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் நடுவில் புகுந்து அதைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறது. இதற்கென்றே 2005இல் இன்டெல் தன் சிப்பில் விடி-எக்ஸ் வசதியைச் சேர்த்தது, ஏஎம்டி அடுத்த வருஷம். மெஷின் கிளம்பவில்லை என்றால் முதலில் பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கிற அமைப்புத் திரை) இது ஆன் ஆகி இருக்கிறதா என்றுதான் பாருங்கள், ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் என்று இருக்கும். எம்1 மாதிரி ஆர்ம் சிப் உள்ள மேக்கில் இந்த வழி நடக்காது, அந்தச் சிப்பின் கட்டளை மொழியே வேறு என்பதால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தாக வேண்டும், ரொம்ப மெதுவாகிவிடும்.

[திரையில்: மெஷினின் நெட்வொர்க் அமைப்பு]

நெட்வொர்க்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. மவுஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டால் வலது பக்கக் கன்ட்ரோல் கீயை ஒரு தட்டு.

எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கரைப் போட்டு ஃபைலைத் திறங்கள். அப்புறம் ஃபாண்ட். இதில்தான் நிறைய பேர் பயந்துபோய் ஃபைலே கெட்டுவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி ஃபாண்டில் அடித்த ‘அம்மா’, அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று நிற்கும். ஃபைல் கெடவில்லை, அதே பாமினியை எக்ஸ்பிக்குள் போடுங்கள்.

[திரையில்: எழுத்துகள் தமிழாக மாறுகின்றன]

வந்துவிட்டதா? இப்போது உள்ளே ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுப் பக்கத்தை விவரிக்கும் மொழி) பிரின்டரைச் சேர்த்து, ‘ஃபைலுக்கு அச்சிடு’ என்று கொடுங்கள். வருகிற ஃபைலை எக்ஸ்பிக்கும் உபுண்டுவுக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டர் வழியாக உபுண்டுவுக்குக் கொண்டுவந்து, போஸ்ட்ஸ்கிரிப்டைப் படிக்கிற கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். அந்த பிடிஎஃப்பை எந்த அச்சகத்துக்கும் கொடுக்கலாம்.