நெரிசலில் என்ஜின் சூடேறினால்: முதலில் ஃபேனைப் பாருங்கள்

[காட்சி: வெள்ளவத்தை, காலி வீதி, மாலை நெரிசல். டேஷ்போர்டில் சிவப்பு வெப்ப விளக்கு]

இந்த விளக்கு எரிந்தபிறகு, "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். விட்ஸ், வேகன் ஆர் போன்ற பல கார்களில் வெப்பமானி முள்ளே இல்லை. நீல விளக்கு எரிந்தால் என்ஜின் இன்னும் சூடாகவில்லை. சிவப்பு எரிந்தால் சூடு எல்லை மீறிவிட்டது. இடையில் எந்த அறிகுறியும் காட்டாது.

ஏசியை நிறுத்தி, ஹசார்ட் போட்டு, இடது ஓரமாக ஒதுங்கி என்ஜினை அணையுங்கள். ஒதுங்க இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே வெந்து போவீர்கள்தான், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறும்.

[காட்சி: ரேடியேட்டர் மூடி, மிக அருகில்]

மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அது அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தால்தான் கூலன்ட் (என்ஜினை ஆற்றச் சுற்றும் திரவம்) 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். பிறகு துணியால் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இளகியபின் தடித்த துணி போட்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். சீறல் முழுதாக அடங்கியதும் அழுத்தித் திருகிக் கழற்றலாம்.

கூலன்ட் குறைந்திருந்தால் குடிதண்ணீர் போத்தல் போதும், ஆனால் என்ஜின் நன்றாக ஆறியபின். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளையும், விரிசல் விடவும் கூடும்.

[காட்சி: பொனட் திறந்திருக்கிறது, ஏசி பட்டன்]

நெரிசலில் சூடேறி, ஓடத் தொடங்கியதும் சூடு இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனில்தான் சந்தேகம். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றும், நிற்கும்போது ஃபேன் மட்டுமே. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்தில் ஃபேன் சுற்றும். விரல்களைத் தள்ளியே வையுங்கள். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டாருக்குக் காசு கட்டுமுன் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெற்கு அதிவேகப் பாதையில் வேகமாக ஓடும்போதே சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, வோட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஆகியவற்றில் சந்தேகம். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் ஹெட் காஸ்கட் (ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

"நம்ம நாட்டுச் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று கழற்றிவிடும் கராஜ்கள் உண்டு. விடாதீர்கள். என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடும் என்ஜின்களில், அதைக் கழற்றினால் அந்த வழி திறந்தே கிடந்து, கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். சூடு முன்பைவிட ஏறும். பழுதென்றால் அதே பாகையில் திறக்கும் புதியது போடுங்கள்.