பக்கம் புரளும் இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். சித்திரக்கதைக் கலை செழிப்பது ஜப்பானிய மங்காவின் அச்சுப் பக்கத்திலா, கொரிய மன்ஹ்வாவின் கைபேசித் திரையிலா என்பது இன்றைய கேள்வி. அச்சுப் பக்கத்தில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் கொரியாவின் கதையை உருக்கமாகச் சொன்னார். 1997-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை ஒட்டி அங்கே வாடகைப் புத்தகக் கடைகள் பெருகின, புத்தகம் வாங்குவோர் குறைந்தனர், இதழ்கள் நலிந்தன, 2003-இல் 'டாவும்' (Daum) என்ற கொரியத் தளமும் 2004-இல் 'நேவர்' என்ற கொரியத் தளமும் இணையத்தில் சித்திரக்கதைகளை வெளியிட்டு ஓவியர்களுக்கு வாழ்வளித்தன என்றார். மறுக்கவில்லை. ஆனால், ஒரு பிரதியை எத்தனை பேர் வாடகைக்குப் படித்தாலும் அந்த ஒரு பிரதி விற்ற பங்குதானே ஓவியருக்குப் போய்ச் சேர்ந்தது? வணிக முறையில் இருந்த கோளாறுக்குத் தாளின் மேல் பழி போடுவது எப்படி நியாயம் ஆகும்? போருக்குப் பிந்தைய ஜப்பானிலும் வாடகைக் கடைகள் கொடிகட்டிப் பறந்தன. 1959 மார்ச்சில் கோடன்ஷா, ஷோககுகான் என்ற இரு பதிப்பகங்கள் ஒரே நாளில் சிறுவர் மங்கா வார இதழ்களைத் தொடங்கின. மலிவான வார இதழ்கள் வளர வளர அந்த வாடகைக் கடைகள் தேய்ந்தன.

இனி கலைக்கு வருகிறேன். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஆகவே விரித்த இதழில் கண் கடைசியாக வந்து நிற்கும் இடம் இடப்பக்கத்தின் கீழ் மூலை. அங்கே ஒரு சிறு கட்டம்: ஒருவன் கதவைத் திறக்கிறான், அவன் கண்கள் விரிகின்றன, எதைக் கண்டான் என்பது மட்டும் அதில் இல்லை. விரல் தாளைப் புரட்டுகிறது. இரு பக்கங்களையும் அடைத்துக்கொண்டு ஒரே ஓவியம் எழுந்து நிற்கிறது. இந்த அதிர்ச்சி தற்செயலாக அமைவதில்லை. 'நேமு' என்று ஓவியர்கள் சொல்லும் முதல் பென்சில் வரைவிலேயே, எந்தக் கட்டம் புரட்டலுக்கு முன், எது பின் என்று பதிப்பாசிரியரோடு உட்கார்ந்து தீர்மானித்து, பொருந்தாவிட்டால் முழுவதையும் திரும்ப வரைகிறார்கள். மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் கைபேசித் திரையில் ஒருவன் பள்ளத்தில் விழும் காட்சி அழகாக அமையும், அதை மனமார ஏற்கிறேன். ஆனால் சிறு கட்டத்தையும் பெரிய கட்டத்தையும் அருகருகே வைத்து, இரண்டின் அளவு வேறுபாட்டாலேயே உணர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் வித்தைக்கு ஒரு கை அகலத் திரையில் இடம் ஏது?

புதிய ஓவியர்களுக்குக் கதவு திறந்தது திரைதான் என்றும் எதிரணியினர் சொன்னார்கள். 1968-இல் ஷுயேஷா என்ற ஜப்பானியப் பதிப்பகம் தொடங்கிய ஷோனென் ஜம்ப் என்ற மங்கா இதழைப் பாருங்கள். 1994-இன் இறுதியில் அதன் ஒரே இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சானது. புகழ்பெற்ற தொடருக்காக அதை வாங்கிய சிறுவனின் கையில், பெயரே கேள்விப்படாத புதியவரின் முதல் அத்தியாயமும் சேர்ந்தே வந்தது. இதழோடு வரும் அஞ்சலட்டையில் பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்புவான். அந்த வாக்கில் தேறாத தொடர் பத்து வாரங்களில் முடிந்துபோவதும் உண்டு; கொடுமையான முறைதான், வாரந்தோறும் ஏறத்தாழ 19 பக்கம் வரையும் ஓவியரின் உடலை அது வாட்டுகிறது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் வாரந்தோறும் வண்ணத்தில் வரைந்து தள்ளும் கொரிய ஓவியருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கிறதா?

நிறைவாக ஒன்று கேட்கிறேன், நடுவர் அவர்களே. கைபேசியில் வெற்றி பெற்ற மன்ஹ்வாக்கள் இன்று புத்தகங்களாகவும் வருகின்றன. அப்போது அந்த நீளப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தக் கட்டத்தைப் பெரிதாக்குவது, எதைப் புரட்டலுக்கு அப்பால் ஒளிப்பது என்று ஒருவர் உட்கார்ந்து புதிதாக அடுக்குகிறார். மங்கா ஓவியர் முதல் நாளே செய்துவிட்ட வேலையைத்தானே அவர் அங்கே செய்கிறார்?