குளியல் தொட்டி நுழையாத அறை

நேயர்களுக்கு வணக்கம். கட்டடக்கலை படித்துவிட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குளியலறைக்குப் படம் போட்டார். தொட்டியின் நீளம் 1500 மில்லிமீட்டர், அறையின் அகலமும் 1500. சரிதானே? ஆனால் அந்த 1500, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்த அளவு. இரண்டு பக்கமும் பூச்சும் டைல்ஸும் ஏறியதும் 60 மில்லிமீட்டர் போய்விட்டது. தொட்டி உள்ளே உட்காரவில்லை. வரைந்தவர் முகம் சுருங்கி நின்றார். அந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டதோ நான்.

கல்லூரியில் அவர் வரைந்ததெல்லாம் மதிப்பெண் போடும் நடுவர்களுக்காக. படத்தில் விட்டுப்போனதைப் பக்கத்தில் நின்று வாயால் சொல்லிச் சமாளித்துவிடலாம். வேலைக்கு வந்தபின் படம் தனியாகத்தான் போகும். அதைக் கையில் வாங்குகிற மேஸ்திரி, அளவு சுவரின் எந்த முகத்திலிருந்து எந்த முகம் வரை என்றுதான் கேட்பார்.

படம் போவது மட்டுமல்ல, திரும்பியும் வரும். பொருளைச் செய்கிற பட்டறை தன் வேலைக்கேற்ப அதை மறுபடி வரைந்து ஒப்புதலுக்கு அனுப்பும்; அதுதான் பட்டறைப் படம். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1981 ஜூலையில் ஒரு ஹோட்டல் கூடத்தில் தொங்கிய நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் ஒரே ஒரு நீண்ட கம்பி தாங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். அதுவே கட்டட விதி கேட்ட வலுவுக்குக் குறைவுதான். அப்புறம் பட்டறைப் படத்தில் அந்தக் கம்பி இரண்டாகப் பிரிந்தது. கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்தரத்திலிருந்தே தொங்கியது. அந்த உத்தரத்தைப் பிடித்த நட்டின் மேல் சுமை இரட்டிப்பானது. பொறியாளர் தரப்பு ஒப்புதலோடுதான் அந்தப் படம் பட்டறைக்குப் போனது.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சுமைக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒப்புதல்தான் உறுத்துகிறது. திரும்பி வரும் படத்தில் எது மாறியிருக்கிறது என்று தேடிப் படிக்க எந்தப் பருவத்தில் சொல்லித் தருகிறோம்? ஒப்பந்தம், கட்டணம் எல்லாம் ஒரு பரீட்சைத் தாளாக வருகிறது. பரீட்சையோடு மறந்தும் போகிறது.

நான் ஒரு பயிற்சி வைப்பதுண்டு. ஒருவர் வரைந்த படத்தை இன்னொருவரிடம் கொடுத்து, அதைப் பார்த்து மட்டும் அட்டையில் மாதிரி செய்யச் சொல்வேன். வரைந்தவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. போன தடவை ஒரு மாணவி பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் எழுந்து, “ஐயோ, அது மாடிப்படி இல்லை, அலமாரி!” என்று கத்தியேவிட்டார்.