ரயில் வந்ததை யாருக்குச் சொல்வது?

(உதகையில் கணினி அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த மாணவர்களே,

நம் மலை ரயிலை வைத்தே ஒரு கேம் செய்வதாகக் கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தின் பிடியில் மலையேறி வரும் நீராவி எஞ்சின் குன்னூரில் கழற்றப்பட, அங்கிருந்து உதகை வரை டீசல் எஞ்சின் பொறுப்பேற்கிறது. நம் கேமில் ரயில் குன்னூரை அடைந்ததும் விசில் ஒலிக்க வேண்டும், மதிப்பெண் ஏற வேண்டும், எஞ்சின் மாற்றமும் தொடங்க வேண்டும்.

ரயிலின் நிரலுக்குள்ளேயே இவற்றை ஒவ்வொன்றாக அழைத்தாலும் கேம் ஓடும். ஆனால் மதிப்பெண் பலகை இல்லாத ஒரு சோதனைக் காட்சியில் ரயிலை மட்டும் ஓட்டிப் பார்க்க முனைந்தால் நிரல் பிழை காட்டும். எனவே 'குன்னூர் வந்தாயிற்று' என்ற நிகழ்வை அறிவிப்பதோடு ரயில் நின்றுகொள்ளட்டும்; அதில் அக்கறையுள்ள ஆப்ஜெக்ட்டுகள் (விசில், மதிப்பெண் பலகை போன்ற நிரல் பொருள்கள்) தாமே வந்து பதிவு செய்துகொள்ளட்டும். 1994-இல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் மென்பொருள் வடிவமைப்பு முறைகளைப் பற்றி வெளியிட்ட நூலில் 'அப்சர்வர்' என்ற பெயரில் விளக்கப்பட்ட முறை இதுதான். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவில் இதனைச் சிக்னல் என்கிறார்கள். சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் ஈவன்ட் என்கிறார்கள்.

பதிவு செய்வதை எல்லோரும் கற்றுத்தருகிறார்கள். பதிவை நீக்குவதை அதே அக்கறையோடு கற்றுத்தருவதில்லை என்பது என் வருத்தம். சி ஷார்ப்பில் நிரல் எழுதும் இன்னொரு கேம் மென்பொருளான யூனிட்டியில் காட்சி மாறும்போது மதிப்பெண் பலகை அழிக்கப்பட்டாலும், காட்சி மாறியும் அழியாதபடி ரயிலை வைத்திருந்தால், அதன் பதிவுப் பட்டியலில் பழைய பலகை அப்படியே இருக்கும். பட்டியலில் இருக்கும்வரை அதன் நினைவகம் விடுவிக்கப்படாது. அடுத்த அறிவிப்பு, இல்லாத பலகையின் கதவைத் தட்டிப் பிழையில் முடியும். ஒரே பலகை இருமுறை பதிவாகியிருந்தால் மதிப்பெண்ணும் இருமுறை ஏறும். ஆகவே ஆப்ஜெக்ட் இயங்கத் தொடங்கும்போது யூனிட்டி அழைக்கும் ஆன்எனேபிளில் கூட்டல் குறியிட்டுச் சேர்த்ததை, அதன் இயக்கம் நிறுத்தப்படும்போது அழைக்கும் ஆன்டிசேபிளில் கழித்தல் குறியிட்டு நீக்கும் வரியையும் அப்போதே எழுதிவிடுங்கள். கோடோ, ஒரு நோட் (காட்சியின் ஓர் உறுப்பு) நினைவகத்திலிருந்து விடுவிக்கப்படும்போது அதன் இணைப்புகளைத் தானே துண்டித்துவிடுகிறது. ஆனால் நோட்கள் கிளைகளாக அடுக்கப்பட்டிருக்கும் காட்சி மரத்திலிருந்து அகற்றப்பட்டும் விடுவிக்கப்படாத நோட், சிக்னலைத் தொடர்ந்து பெற்றுக்கொண்டுதான் இருக்கும்.

வரிசையிலும் கவனம் வேண்டும். நீராவி எஞ்சினைக் கழற்றும் நிரலும் டீசலை மாட்டும் நிரலும் ஒரே 'குன்னூர் வந்தாயிற்று' அறிவிப்பைக் கேட்டால், எது முந்தும் என்பது எது முதலில் பதிவு செய்தது என்பதைப் பொறுத்ததாகிவிடும். ஒரு காட்சியில் சரியாக ஓடியது இன்னொன்றில் தடம் மாறும். டீசல், 'நீராவி எஞ்சின் கழன்றது' என்ற நிகழ்வைக் கேட்பதே முறை. ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை நிரலிலும் அப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் நிகழ்வு தேவையில்லை. வேகமானியின் முள்ளுக்கு ரயிலின் வேகம் திரையில் வரையப்படும் ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது பெரும்பாலும் நொடிக்கு 60 முறை வேண்டியிருக்கிறது; அதை அறிவித்துக்கொண்டிருப்பதைவிட, முள் ரயிலிடம் நேரடியாகப் படித்துக்கொள்வதே எளிது.